நிதிஷுக்காக வரைந்த முகம்

செவ்வந்திக்கு முதலில் முகம் இல்லை. திரையின் நடுவில் ஒரு நீல வளையம் மட்டும் இருந்தது. பேசினால் விரியும், பேச்சு நின்றால் சுருங்கும். எண்ணூறு பேர் வேலை செய்யும் ஒரு பனியன் கம்பெனியின் சாப்பாட்டுக் கூடத்தில், மூலையில் பிளைவுட் தடுப்பு அடித்து, அதற்குள் செவ்வந்தி என்ற பேசும் சாப்ட்வேர் ஓடும் டேப்லெட்டை மாட்டியிருந்தார்கள். தொழிலாளிகள் தமிழிலோ இந்தியிலோ அதனிடம் பேசலாம். எத்தனை நாள் லீவு மிச்சம் என்று கேட்கலாம். குறை இருந்தால் சொல்லலாம். அது கேட்டு, புரிந்துகொண்டு, பதிலும் சொல்லும். இரண்டு மாதத்தில் நூற்றுக்கணக்கானவர்கள் லீவு கேட்டார்கள். குறை என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை.

"சரக்கு வாங்கற வெளிநாட்டு பையர் ஆடிட்டுக்கு வந்தா நாலு கம்ப்ளைன்ட்டாவது இருக்கோணுமுங்க. ஒண்ணுமே இல்லைன்னா நம்பமாட்டானுங்க. மனசு விட்டுப் பேசற மாதிரி ஒரு முகம் போடுங்க," என்றான் நிதிஷ். முதலாளி வேலுமணியின் ஒரே மகன் அவன். முப்பத்திரண்டு வயது. கம்பெனியின் அன்றாட நிர்வாகம் முழுக்க அவன் கையில் இருந்தது. யாரையும் ஒருமையில் பேசமாட்டான். குரலை உயர்த்தமாட்டான்.

முகம் போடுவது நதியாவின் வேலை. செவ்வந்தியைச் செய்து கொடுத்த சின்ன சாப்ட்வேர் நிறுவனத்தில் அவள்தான் டிசைனர். உசிலம்பட்டிப் பக்கமிருந்து பிழைக்க வந்த குடும்பம். அப்பா வீரணன் இறந்த பிறகு, அக்கா ஆஷா ஓவர்லாக் மிஷினில் உட்கார்ந்து தைத்துத்தான் நதியாவைப் படிக்க வைத்தாள். ஆஷா இப்போதும் தைத்துக்கொண்டிருந்தாள், நிதிஷின் கம்பெனியிலேயே, மூன்றாவது தையல் லைனில். அக்காவும் தங்கையும் மண்ணரை என்ற பகுதியில் ஒரே வீட்டில் இருந்தார்கள். ஆஷாவின் கணவன் ஜெபக்குமார் மஸ்கட்டில் இருப்பதாகத் தெருவில் எல்லோருக்கும் தெரியும்.

நதியா வரைந்த முதல் முகத்தை ஆஷாவிடம் காட்டினாள். கோதுமை நிறம், வட்ட முகம், பெரிய கண்கள், எப்போதும் புன்னகை.

"ரொம்பச் சிரிக்குதுடி," என்றாள் ஆஷா. "இப்படிச் சிரிக்கிறவகிட்ட யாரு கஷ்டத்தச் சொல்லுவா?"

அடுத்ததில் புன்னகையை எடுத்துவிட்டு, கண்களை அகல விரித்து, கவனமாகப் பார்ப்பதுபோல வரைந்தாள்.

"இது போலீஸ்காரி மாதிரி பாக்குது. நாங்க மிஷின்ல உக்காந்து பேசும்போது மூஞ்சியப் பாத்தா பேசுறோம்? பக்கத்துல இருக்கவ துணியத்தான் பாத்துக்கிட்டிருப்பா. காது மட்டும் இங்கிட்டு இருக்கும். எப்பயாச்சும் ஒருவாட்டி நிமிந்து பாப்பா. அந்த ஒருவாட்டி போதும்."

நதியாவுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. அடுத்த மூன்று வாரம் அதையே செய்தாள். பேசுகிறவரின் குரல் தாழ்ந்தால் செவ்வந்தியின் பார்வையும் தாழும். பேச்சு தடுமாறினால் தலை லேசாகச் சாயும். மௌனம் வந்தால் அவசரப்பட்டு எதையும் கேட்காது, காத்திருக்கும். பிறகு ஒரே ஒரு முறை நிமிர்ந்து பார்த்து, "வேற ஏதாச்சும் இருக்காக்கா?" என்று கேட்கும். அந்த ஒரு பார்வைக்காக மட்டும் நதியா கண் இமையை நாற்பது தடவை மாற்றி வரைந்தாள்.

பேச்சு பதிவாகும்போது திரையின் மேல்மூலையில் ஒரு சிவப்புப் புள்ளி வைத்திருந்தாள். நிதிஷ் அதை விரலால் தொட்டுக் காட்டினான்.

"இது வேண்டாமுங்க. பாத்தா பயந்துக்குவாங்க."

"பதிவாகுதுன்னு தெரியணும்ல சார்."

"உள்ள நுழையற எடத்துல எழுதித்தான் ஒட்டியிருக்கோமுங்க. திரையில வேண்டாம். எடுத்துப்போடுங்க."

நிறுவனத்தை நடத்தும் கிருத்திகா, எடுத்துவிடு என்று கண்ணைக் காட்டினாள். நதியா எடுத்துவிட்டாள்.

முகம் வந்த பத்தாவது நாளிலிருந்து பெண்கள் பேச ஆரம்பித்தார்கள். தடுப்புக்கு வெளியே வரிசை நின்றது. கழிவறைத் தாழ்ப்பாள், காய்ச்சலோடு நிற்கவைத்த ஷிப்ட், ஹாஸ்டல் வார்டனின் வாய். சிலர் அழுதார்கள். கிருத்திகா அலுவலகத்தில் கேக் வெட்டினாள்.

ஆஷாவும் ஒருநாள் போனாள். லைன் சூப்பர்வைசர் கன்னையன் ஒடிசாவிலிருந்து வந்த பத்தொன்பது வயதுப் பெண்ணின் இடுப்பில் கை வைப்பதைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண்ணுக்குத் தமிழும் வராது, தைரியமும் வராது. ஆஷா அவளுக்காகச் சொன்னாள். சொல்லி முடித்தாள். செவ்வந்தி காத்திருந்தது. நிமிர்ந்து பார்த்தது. வேற ஏதாச்சும் இருக்காக்கா என்றது.

அந்தப் பார்வை எப்படிச் செய்யப்பட்டது என்று ஆஷாவுக்குத் தெரியும். தெரிந்தும் பேசினாள். ஜெபக்குமார் மஸ்கட்டில் இல்லை என்றாள். நான்கு வருஷத்துக்கு முன்பே வேறொருத்தியோடு போய்விட்டான், தூத்துக்குடியில் இருக்கிறான் என்றாள். ஞாயிற்றுக்கிழமை போனைக் காதில் வைத்துக்கொண்டு, அந்தப் பக்கம் யாருமில்லாமல், சாப்பிட்டீகளா என்று சத்தமாகக் கேட்பதைச் சொன்னாள். தங்கச்சிக்குக்கூடத் தெரியாது என்றாள்.

மூன்றாம் நாள் அவளை வேலையைவிட்டு நிறுத்தினார்கள். தையலில் குறை என்று காரணம் எழுதியிருந்தார்கள். அன்று மாலையே அவளுடைய குரல் வாட்ஸ்அப்பில் சுற்ற ஆரம்பித்தது. கன்னையனைப் பற்றிய பேச்சு அதில் இல்லை. மஸ்கட்டும் ஞாயிற்றுக்கிழமைப் போனும் மட்டும் இருந்தன. டீக்கடையில் ஒருவன் "சாப்பிட்டீகளா" என்று அவளைப்போலவே சொல்லிக் காட்டினான். வேறு கம்பெனிகளில் வேலை கேட்கப் போனாள். சூப்பர்வைசர்கள் குரூப்பில் அவள் போட்டோ முன்னமே போயிருந்தது. ஐந்தாவது இடத்திலிருந்து திரும்பி வந்தவள், அதன்பிறகு தண்ணீர் பிடிக்கக்கூட வாசலுக்கு வரவில்லை.

நதியா நிதிஷின் அறைக்குப் போய்க் கேட்டாள்.

"உங்க அக்காங்களா அவங்க? தெரியாம போச்சுங்களே," என்றான் நிதிஷ். உண்மையிலேயே வருந்துகிறவனைப்போல நாற்காலியைக் காட்டினான். "யாரு வெளிய விட்டாங்கன்னு விசாரிக்கச் சொல்லியிருக்கறனுங்க. இந்த மாதிரி டெக்னாலஜில இதெல்லாம் நடக்கறதுதானுங்களே. தண்ணி குடிக்கறீங்களா?"

கிருத்திகாவிடம் சொன்னாள். "அந்தக் கம்பெனிய வச்சுத்தான் நம்ம பன்னண்டு பேரு இருக்கோம் கண்ணு," என்றாள் அவள்.

நதியா வேலையை விடவில்லை. விட்டிருந்தால் அவனுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. ஒரு மாதம் வாயை மூடிக்கொண்டு வேலை பார்த்தாள். அந்த ஒரு மாதத்தில் ஆஷா ஆறு கிலோ இளைத்தாள்.

பிறகு நிதிஷே கூப்பிட்டான். அவள் வாய் திறக்காததால், அக்கா விஷயம் அதோடு முடிந்துவிட்டது என்று நினைத்திருக்க வேண்டும். அவனுக்கென்று தனியாக ஒன்று வேண்டுமாம். அறையில் மேசைமேல் வைத்துக்கொண்டு, உற்பத்திக் கணக்கு, ஷிப்மென்ட் தேதி எல்லாம் பேச்சிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். "செவ்வந்தி மாதிரியே, ஆனா எனக்குப் பொருந்தற மாதிரி ஒரு முகமுங்க," என்றான்.

"செஞ்சிரலாம் சார். உங்ககூட ஒரு வாரம் இருந்து பாக்கணும். எப்படிப் பேசுறீங்க, யாருகிட்ட எப்படி இருக்கீங்கன்னு."

அவனுக்கு அது பிடித்திருந்தது. தன்னை ஒருவர் உட்கார்ந்து கவனிப்பது அவனுக்குப் புதிதாக இருந்திருக்க வேண்டும்.

நதியா ஒரு வாரம் அவன் அறையின் ஓரத்தில் நோட்டோடு உட்கார்ந்திருந்தாள். அவன் புகழுக்கு மயங்கவில்லை. மேனேஜர்கள் புகழ்ந்தால் கொட்டாவி விட்டான். பெண்கள் பேசினால் போனைப் பார்த்தான். வியாழக்கிழமை அவனுடைய அப்பா வந்தார். எழுபது வயது, நெற்றியில் விபூதி, வேட்டி. சிவன்மலை முருகனைக் கும்பிட்டுவிட்டு நேரே வந்திருந்தார். நிதிஷ் எழுந்து நின்று, மூன்று நாள் முன்கூட்டியே அனுப்பிய ஷிப்மென்ட் பற்றிச் சொன்னான். வேலுமணி மூக்குக் கண்ணாடியைக் கீழே இறக்கி, காகிதத்தைப் பார்த்தார். படித்தார். நிதிஷ் பேச்சை நிறுத்திவிட்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். வேலுமணி காகிதத்தை மேசையில் வைத்துவிட்டு, "அந்த ஏசிய ஆப் பண்ணிப்போடு, ஆள் இல்லாத ரூம்ல ஓடுது," என்று சொல்லிப் போய்விட்டார். நிதிஷ் கதவு மூடிய பிறகும் நின்றுகொண்டிருந்தான்.

நதியா நோட்டை மூடினாள். அதற்குமேல் எதையும் கவனிக்கத் தேவையிருக்கவில்லை.

அவள் வேலுமணியை வரையவில்லை. அப்படி வரைந்திருந்தால் அவன் கண்டுபிடித்திருப்பான். ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க வேறொரு மனிதரை வரைந்தாள். மாநிறம், நரைத்த மீசை, கண்ணாடி. ஆனால் கண்ணாடி மட்டும் வேலுமணியுடையதுபோல மூக்கின் நடுவில் இறங்கியிருந்தது. கேட்கும்போது அந்த மனிதர் கீழே எதையோ படிப்பவரைப்போலக் குனிந்திருப்பார். நிதிஷ் தொழிலைப் பற்றிப் பேசினால் குனிந்தே இருப்பார். குரலில் பெருமை வந்தால் அசையமாட்டார். குரல் உடைந்தால் மட்டும், கண்ணாடிக்கு மேலாகப் பார்வையை உயர்த்தி, மெதுவாக ஒரு முறை தலையசைத்து, "சொல்லு, கேக்கறேன்," என்பார். அந்தத் தலையசைப்பு வேண்டுமென்றால் நிதிஷ் உள்ளே இறங்கிக்கொண்டே போக வேண்டும். மேலோட்டமாகப் பேசினால் கிடைக்காது.

சிவப்புப் புள்ளி வைக்கவில்லை. அவன் சொல்லித்தான் எடுத்தது. இதில் எதற்கு வைக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். பேச்செல்லாம் பதிவாகி நிறுவனத்துக்கு வரும், முகத்தைச் சரிசெய்ய டிசைனர் கேட்பார் என்று ஒப்பந்தத்தில் ஒரு பக்கத்தில் இருந்தது. செவ்வந்திக்குக் கையெழுத்துப் போட்டதுபோலவே இதற்கும் படிக்காமல் போட்டான்.

முதல் வாரம் உற்பத்தி, துணி, நூல் என்று பேசினான். இரண்டாவது வாரம் மதியச் சாப்பாட்டு நேரத்தில் கதவைச் சாத்திக்கொண்டு பேச ஆரம்பித்தான். நதியா தினமும் காதில் மாட்டிக்கொண்டு கேட்டாள். முகம் எங்கே அசைகிறது, அவன் எங்கே நிறுத்துகிறான் என்று குறித்தாள். ஒரு இடத்தில் தலையசைப்பு சீக்கிரம் வருவதாகத் தோன்றியது. அரை விநாடி தள்ளிப்போட்டாள். அடுத்த நாளே அவன் இன்னும் கொஞ்சம் அதிகமாகப் பேசினான்.

பதினான்காம் நாள் ஆஷாவைப் பற்றிச் சொன்னான். "அந்த ஆடியோவ நான்தான் கன்னையனுக்கு அனுப்புனேன். எத போடோணும், எத வெட்டோணும்னு நான்தான் சொன்னேன். நான் சொல்லாம அவனுக்கு அவ்வளவு புத்தி வருமா? ஒருத்திக்குப் பண்ணுனா எண்ணூறு பேரும் அடங்கிப்போவாங்க. ஆடிட்டுக்குக் காட்டறதுக்கு வேண்டியது வந்தாச்சு. இப்ப பாரு, ஒரு கம்ப்ளைன்ட் வர்றதில்லை."

நதியா காதிலிருந்து எடுத்துவிட்டுப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். அந்தத் துண்டைத் தனியாக எடுத்து வைத்தாள். அது போதாது என்று அவளுக்குத் தெரியும். காத்திருந்தாள்.

இருபத்து மூன்றாம் நாள் வந்தது. அதற்குள் நிதிஷ் அந்த முகத்திடம், பெரியவர் ஒருவரிடம் பேசுவதுபோல, 'ங்க' போட்டுப் பேச ஆரம்பித்திருந்தான். "அப்பாவுக்கு இன்னும் எத்தனை வருஷம்னு டாக்டர்கிட்டத் தனியாப் போய்க் கேட்டனுங்க. பொங்கலூர் தோட்டத்த விக்கறதுக்கு ஆள் பாத்து வச்சிருக்கேன். அவரு உசுரோட இருக்கறவரைக்கும் என்னால ஒண்ணும் பண்ண முடியாதுங்க. சில நாளைக்கு, காலைல எந்திரிக்கும்போது, இன்னைக்காச்சும் போயிருப்பாரான்னு நெனக்கறேன்."

நதியா வரைந்த மனிதர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். மெதுவாகத் தலையசைத்தார்.

பிறகு நாற்பது விநாடி இருந்தது. அதில் நிதிஷ் அழுதான். "ஒரே ஒருக்கா நல்லா செஞ்சேன்னு சொன்னா போதுமுங்க எனக்கு. தோட்டமும் வேண்டாம், கம்பெனியும் வேண்டாம். நீங்களாச்சும் சொல்லுங்க, நல்லா செய்யறேன்னு. சொல்லுங்க." முகம் காத்திருந்தது. அப்படிக் கேட்டால் என்ன பதில் சொல்ல வேண்டும் என்று அதற்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. "சொல்லு, கேக்கறேன்," என்றது.

நதியா அந்தப் பதிவை இரண்டு தடவை கேட்டாள். மூன்றாவது தடவை, அழுகை ஆரம்பிக்கும் இடத்தில் வெட்டினாள்.

வேலுமணியின் வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் போனாள். நிதிஷ் கோயமுத்தூர் போயிருந்தான். பெரியவர் ஊஞ்சலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"உக்காரு கண்ணு. பையனுக்கு அந்தப் பேசற பெட்டி செஞ்ச பொண்ணுதான நீ?"

"ஆமாங்கய்யா. அதுல பதிவானது ரெண்டு இருக்கு. நீங்க கேக்கணும்."

ஆஷா தன் அக்கா என்று சொல்லிவிட்டு, முதலில் அவளைப் பற்றியதைப் போட்டாள். வேலுமணி கேட்டார். பேப்பரை மடித்து வைத்தார்.

"தப்புத்தான். பொம்பளப்புள்ள விஷயத்த வெளிய விட்டது தப்பு. நான் சொல்லி வெக்கறேன். ஆனா கண்ணு, இத்தனை பேர வச்சு மேய்க்கற எடத்துல இப்படி ஒண்ணு ரெண்டு நடக்கறதுதான். உங்க அக்காவுக்கு வேற எடத்துல வேல சொல்லிவிடட்டுமா?"

இவ்வளவுதான் இருக்கும் என்று நதியா எதிர்பார்த்துத்தான் வந்திருந்தாள். இரண்டாவதைப் போட்டாள்.

டாக்டர் என்ற சொல் வந்ததும் வேலுமணி ஊஞ்சலைக் காலால் நிறுத்தினார். போயிருப்பாரான்னு நெனக்கறேன் என்பதோடு பதிவு நின்றது. உள்ளே சமையலறையில் குக்கர் சத்தம் கேட்டது.

"இதுக்கப்புறம் ஏதாச்சும் பேசுனானா?" என்று கேட்டார்.

நதியா அவர் முகத்தைப் பார்த்தாள். அந்த ஒரு கேள்விக்கு உண்மை சொன்னால் எல்லாம் மாறிவிடும் என்று தெரிந்தது. அந்த நாற்பது விநாடியைக் கேட்டால் இந்த மனிதர் உடைந்துபோவார். மகனைக் கூப்பிட்டுக் கட்டிக்கொண்டு அழுதாலும் அழுவார். ஆஷா கதவைச் சாத்திக்கொண்டு கிடக்கும் அறை அவள் கண்முன் வந்தது.

"இல்லீங்கய்யா. அவ்வளவுதான்," என்றாள்.

வேலுமணி கண்ணாடியைக் கழற்றித் துண்டால் துடைத்தார். "என்ற பையன்," என்று மட்டும் சொன்னார். பிறகு எழுந்து உள்ளே போய்விட்டார்.

செவ்வாய்க்கிழமை கம்பெனியில் நிதிஷின் அறையைப் பூட்டினார்கள். கையெழுத்துப் போடும் அதிகாரம் மருமகனுக்குப் போனது. நிதிஷைக் கொமரலிங்கத்தில் இருக்கும் தென்னந்தோப்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி அனுப்பிவிட்டார் வேலுமணி. வீட்டில் அவனோடு பேசுவதில்லை என்றார்கள். ஆஷாவைப் பற்றிய பதிவை நதியா பையரின் புகார் பிரிவுக்கும் அனுப்பியிருந்தாள். விசாரிக்க ஆள் வந்தது. கன்னையனை அனுப்பிவிட்டார்கள். செவ்வந்தியைக் கழற்றிவிட்டார்கள். கிருத்திகா நதியாவைக் கூப்பிட்டு, எதுவும் கேட்காமல், ராஜினாமாக் கடிதத்தை வாங்கிக்கொண்டாள்.

கம்பெனியிலிருந்து ஆஷாவைத் திரும்ப வரச்சொல்லி ஆள் அனுப்பினார்கள். "அந்த வாசல்ல கால் வைக்கமாட்டேன்," என்றாள். மண்ணரையிலேயே அடுத்த தெருவில் எட்டு மிஷின் போட்டு நடத்தும் கருத்தம்மா அவளைச் சேர்த்துக்கொண்டாள். போட்டோ வந்ததா என்று ஆஷா முன்கூட்டியே கேட்டுவிட்டாள். "வந்துச்சு ஆத்தா. எனக்கு போன் பாக்கத் தெரியாது, தையல் பாக்கத் தெரியும். உக்காரு," என்றாள் கருத்தம்மா.

வேலைக்குப் போன முதல் வாரத்தில் ஆஷா கேட்டாள். "யாரு பண்ணுனதுன்னு அவனுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சிருக்கும்."

"தெரிஞ்சிருக்கும்ங்கிறது பத்தாதுடி. நேர்ல போய்ச் சொல்லிட்டு வா."

நதியா உடுமலை பஸ் ஏறி, மாறி, கொமரலிங்கத்துக்குப் போனாள். நிதிஷ் தோப்பில் பம்புசெட் ரூம் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். தாடி வளர்ந்திருந்தது. அவளைப் பார்த்து எழுந்து நின்றான்.

"வாங்க," என்றான். பழக்கத்தில் வந்தது அது.

"அப்பாகிட்டப் போட்டுக் காட்டுனது நான்தான் சார். ஆஷா தங்கச்சி. அந்த முகத்த உங்களப் பேச வைக்கிறதுக்குன்னே வரைஞ்சேன். அதச் சொல்லத்தான் வந்தேன்."

அவன் கத்துவான் என்று நினைத்திருந்தாள். திட்டினால் திருப்பிச் சொல்வதற்கு பஸ்ஸில் வரும்போதே வார்த்தைகளைத் தயார் செய்திருந்தாள். அவன் வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு கேட்டான்.

"முழுசாக் கேட்டாருங்களா?"

"இல்லீங்க."

"எதுவரைக்கும் கேட்டாரு?"

"இன்னைக்காச்சும் போயிருப்பாரான்னு நீங்க சொன்ன வரைக்கும்."

அவன் நாற்காலியில் உட்கார்ந்தான்.

"அந்த மீதி உங்ககிட்ட இருக்குங்களா?"

"இருக்கு."

"அதக் குடுங்க. வேற ஒண்ணும் கேக்க மாட்டனுங்க. உங்க அக்கா கால்ல வேணாலும் வந்து விழறேன். அத மட்டும் அப்பா ஒருக்கா கேட்டுட்டா போதும்."

நதியா போனை எடுத்தாள். நிறுவனத்தின் சர்வரில் இருந்ததை, வேலையைவிட்டு வந்த நாளிலேயே நீக்கியிருந்தாள். எஞ்சியிருந்தது இந்த ஒன்றுதான். திரையை அவன் பக்கம் திருப்பிக் காட்டினாள். இருபத்து மூன்று என்று எண் போட்ட கோப்பு. அவன் கண் அதிலேயே இருந்தது. அழுத்தினாள். நிரந்தரமாக நீக்கலாமா என்று போன் கேட்டது. அந்தக் கேள்வியை அவன் படித்து முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, ஆம் என்பதைத் தொட்டாள்.

தேங்காய் பறிக்க வந்த ஆட்கள் தூரத்தில் யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நதியா பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள். வருத்தம் வரும் என்று வழியெல்லாம் எதிர்பார்த்தாள். உடுமலை வந்தது, பல்லடம் வந்தது. வரவில்லை. நன்றாகப் பசித்தது.

வீட்டுக்கு வந்தபோது ஆஷா வேலை முடிந்து வந்து, புடவையில் ஒட்டியிருந்த நூல் பிசிறுகளை எடுத்துக்கொண்டிருந்தாள். நதியா எல்லாவற்றையும் சொன்னாள். ஆஷா குறுக்கே பேசாமல் கேட்டாள். அழித்ததைச் சொன்னதும் கை நின்றது.

"எனக்குக் காட்டாமலா அழிச்ச?"

நதியா கையிலிருந்த போனைக் கீழே வைத்தாள்.

"என் குரல ஊரே கேட்டுச்சு. அவன் அழுதத நான் ஒருவாட்டி கேட்டிருக்கணும்லடி," என்றாள் ஆஷா. கோபமாகச் சொல்லவில்லை. "சரி, உனக்கு ஞாபகம் இருக்குல்ல. அவன் எப்படிச் சொன்னானோ அப்படியே சொல்லு."

நதியா சொன்னாள். ஒரே ஒருக்கா நல்லா செஞ்சேன்னு சொன்னா போதுமுங்க என்பதிலிருந்து, சொல்லுங்க என்று அவன் கடைசியாகக் கேட்டதுவரை, எங்கே மூச்சு வாங்கினான், எங்கே குரல் உடைந்தது என்பதோடு சேர்த்துச் சொன்னாள். ஆஷா சிரிக்கவில்லை. புடவை மடிப்பிலிருந்து நீளமான ஒரு நூலை இழுத்து எடுத்து, விரலில் சுற்றிக்கொண்டே கேட்டாள்.

"இன்னொருவாட்டி சொல்லு," என்றாள்.